வெள்ளம் வடிந்த பிறகு கணக்குக் கேட்டார்கள்

"உங்கள் குழுவின் எச்சரிக்கையால் எத்தனை உயிர்கள் காப்பாற்றப்பட்டன?" எங்கள் ஊர் வெள்ள எச்சரிக்கைக் குழுவுக்கு நிதி கொடுத்த ஓர் அறக்கட்டளை 2024 டிசம்பரில் அனுப்பிய எக்செல் படிவத்தில் முதல் கேள்வி இதுதான். ஊரில் அப்போது வீட்டுக்குள் படிந்த சேற்றைக்கூட வாரி முடிக்கவில்லை. பதில் எனக்கு உடனே தெரிந்தது. 2021 வெள்ளத்தில் எங்கள் ஊரில் யாரும் சாகவில்லை. அப்போது குழுவே கிடையாது. 2024-இலும் யாரும் சாகவில்லை. அப்போது குழு இருந்தது. ஆக, கட்டத்தில் போட வேண்டிய எண் சுழியம். அதைப் போட்டால் பக்கத்துக் கட்டம் தானாகவே கூட்டிக் கழித்து, செலவிட்ட பணத்தால் பயன் இல்லை என்று சிவப்பில் காட்டியது. பணத்தால் என்ன பயன் விளைந்தது என்று காட்டும் 'தாக்க அறிக்கை' வராமல் கடைசித் தவணை 60,000 ரூபாய் வராது என்றும் கீழே ஒரு வரி இருந்தது. அதற்குப் பிறகு நான் அலைந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். இந்த மாதிரி குழு நடத்துகிறவர்கள், நடத்தப் போகிறவர்கள் முன்கூட்டியே படித்துக்கொண்டால் நல்லது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் ஊரைப் பற்றி. விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில், தென்பெண்ணை ஓரமாக எங்கள் ஊர். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேரிடர் மேலாண்மை எல்லாம் படித்தவன் இல்லை. 2021 நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு உடைந்ததல்லவா, அந்த வருடம் எங்கள் தெருக்களில் தண்ணீர் வந்தது ராத்திரியில், ஒரு வார்த்தை சொல்லாமல். அதற்குப் பிறகுதான் குழு ஆரம்பித்தோம். திருக்கோவிலூர் பக்கம் ஆற்றோரம் இருக்கும் இரண்டு பேரின் கைபேசி எண், பாலத்துத் தூணில் மஞ்சளும் சிவப்புமாக நாங்களே அடித்த கோடுகள், மாரியம்மன் கோயில் மைக்செட், ஒரு வாட்ஸ்அப் குழு, பைக் வைத்திருக்கும் பையன்கள் சிலர். இவ்வளவுதான் எங்கள் 'அமைப்பு'. டிவியில், ஆற்றில் எங்களுக்கு மேலே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து இத்தனை ஆயிரம் கனஅடி என்று ஓடும். அது எங்கள் தெருவில் முழங்காலா, இடுப்பா என்று டிவி சொல்லாது. அணைக்குக் கீழே துரிஞ்சலாறு போன்ற சிற்றாறுகள் கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீரும் அந்த எண்ணில் இருக்காது. திருக்கோவிலூரில் இருப்பவர் படிக்கட்டில் எத்தனையாவது படி முழுகியது என்று சொன்னால் எங்களுக்குப் புரியும்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல். மறுநாள் ஊத்தங்கரையிலும் 50 சென்டிமீட்டர். ஊத்தங்கரைப் பக்கத்துத் தண்ணீர் சாத்தனூருக்கு வந்து, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டார்கள். எங்களுக்குத் தகவல் வந்தபோது ஊரில் கரண்ட் இல்லை, டவர் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. மைக்செட்டைப் பழைய பேட்டரியில் ஓட்டினோம். பையன்கள் கதவு கதவாகத் தட்டினார்கள். ஊருக்குள் தண்ணீர் ஏறியது பொழுது விடிந்து நெடுநேரம் கழித்துத்தான். அந்த இடைவெளியில் மாடுகள் மேட்டுக்குப் போய்விட்டன, மூட்டைகள் மச்சுக்கு ஏறிவிட்டன. அன்று மாலை பள்ளிக்கூடத் திண்ணையில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தபோது, வாழ்க்கையில் உருப்படியாக ஒன்று செய்துவிட்டோம் என்று தோன்றியது உண்மை. அதனால்தான் அந்தச் சுழியம் என்னை அப்படிச் சுட்டது. ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. மனைவி, "விடுங்க, அவங்க காசு அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். பேட்டரி, ஹாரன், பையன்களுக்குப் பெட்ரோல் எல்லாம் நான் கைக்காசு போட்டு வாங்கியிருந்தேன். விட முடியவில்லை.

சரி, உயிர்க்கணக்கு வேண்டாம், சேதக்கணக்கு எடுக்கலாம் என்று அறக்கட்டளை அனுப்பிய ஆலோசகர் சொன்னார். 2021-இல் எவ்வளவு நஷ்டம், 2024-இல் எவ்வளவு நஷ்டம், கழித்தால் குழுவின் பயன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கழித்துப் பார்த்தால் 2024 நஷ்டம்தான் அதிகம்! காரணம் வெளிப்படையானது: 2024-இல் வந்த தண்ணீர் பெரிது, 2021-இல் ஈரம் படாத வீடுகளிலும் புகுந்துவிட்டது. காகிதத்தில் பார்த்தால் எச்சரிக்கை கொடுத்ததால் நஷ்டம் கூடியது போல இருக்கும். இரண்டு வெள்ளங்களை நேருக்கு நேர் ஒப்பிடவே கூடாது. வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று வைத்துக்கொண்டு, அதே உயரத்துக்கு அந்த வருடம் என்ன போனது, இந்த வருடம் என்ன போனது என்று பார்க்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் 2021-இல் நெல் மூட்டையும் மோட்டாரும் போனது, 2024-இல் அதே முழங்கால் தண்ணீர் நின்ற வீட்டில் ஒரு பாயும் இரண்டு பாத்திரமும் போனது என்றால் அதுதான் கணக்கு.

இந்த உயரத்தை எதை வைத்து எடுப்பது? சுவரில் இருக்கும் சேற்றுக் கோட்டை வைத்துத்தான். இங்கேதான் ஒரு அவசரம். டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளம், ஜனவரி நடுவில் பொங்கல். போகிக்கு முன்னால் ஊரே வெள்ளையடித்துவிடும். நனைந்த பாய், தலையணை, புத்தகமெல்லாம் போகியன்று எரிந்துவிடும். ஆலோசகர் குழு பிப்ரவரியில் டேப்லெட்டோடு வருவதாகத் திட்டம். அதற்குள் ஊரில் ஓர் ஆதாரமும் மிச்சம் இருக்காது என்று இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. பிறகு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு, ஆளுக்கொரு டெய்லர் டேப்பைக் கொடுத்து, வீடு வீடாகத் தரையிலிருந்து கோடு வரை அளந்து, சாக்பீஸால் எண் எழுதி போட்டோ எடுத்தோம். பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்த செலவுதான். முழு வேலையிலும் பின்னால் அதிகம் உதவியது இந்தப் போட்டோக்களே. உங்கள் ஊரில் வெள்ளம் வந்தால் வேறு எதைச் செய்யாவிட்டாலும் தண்ணீர் வடிந்த கையோடு இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்த தலைவலி நிவாரணம். அரசு குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் அறிவித்திருந்தது. மாடு செத்தால் 37,500, ஆட்டுக்கு 4,000, குடிசைக்கு 10,000, நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. அந்த நேரத்தில் கையில் நோட்டோடு ஒருவன் தெருவுக்குள் வந்தால் மக்கள் என்ன நினைப்பார்கள்? "என்ன தம்பி, பேரு எழுதறியா, எங்க வீட்டையும் போட்டுக்கோ" என்று ஆயாக்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். மாட்டைக் காப்பாற்றியவர்கூட மாடு போச்சு என்றார், அந்த மாடு பின்னால் கட்டுத்தறியில் அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. எச்சரிக்கை கேட்டதா என்றால், கேட்கவே இல்லை என்பார்கள். கேட்டது என்று சொன்னால் நிவாரணம் குறைந்துவிடும் என்று ஒரு பேச்சு எப்படியோ பரவியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நிவாரணப் பணம் வந்து சேரும்வரை நஷ்டத்தைப் பற்றிக் கேட்காமல், அதற்குப் பதில் "தண்ணி வருதுன்னு தெரிஞ்சதும் முதல்ல எதை எடுத்தீங்க, அப்புறம் எதை எடுத்தீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். அப்போது பேச்சு தானாக வந்தது. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பிள்ளைகளின் சர்டிபிகேட், மிக்சி, விதைநெல், மோட்டார், கோழிக்கூடை என்று வரிசையாகச் சொன்னார்கள். ஒருவர் செத்துப்போன அப்பாவின் போட்டோவை முதலில் எடுத்ததாகச் சொன்னார். இப்படிக் காப்பாற்றிய பொருளைக் கேளுங்கள். அதற்கு விலை போடும்போது உங்கள் மனக்கணக்கைப் போடாதீர்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அரசு வைத்த அதே நிவாரண விலையைப் போட்டேன். சந்தை விலையைவிடக் குறைவுதான், ஆனால் மிகைப்படுத்தினாய் என்று யாரும் வாய் திறக்க முடியாது.

கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிவதும் இலவசம் இல்லை. டாடா ஏஸ் வாடகை அன்று இரட்டிப்பு. கூலி போனது. மேட்டில் கட்டிய மாடுகளுக்கு வைக்கோல் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் கழித்துக் காட்டியதால்தான் மீதி எண்ணை நம்பினார்கள் என்று நினைக்கிறேன். ஆலோசகருக்கு இவ்வளவு பொறுமை இல்லை. 24 மணி நேரம் முன்னால் எச்சரித்தால் சேதம் 30 சதவீதம் குறையும் என்று காலநிலை மாற்றத்தைச் சமாளிப்பது பற்றி ஆராய்ந்த உலகத் தகவமைப்பு ஆணையம் 2019-இல் சொன்னதை எடுத்து, ஊரின் மொத்தச் சொத்து மதிப்போடு பெருக்கிப் போடலாம் என்றார். அந்த ஆணையம் உலக அளவில் பொதுவாகச் சொன்னதைக் கொண்டுவந்து எங்கள் ஊர்த் தெருவில் பெருக்கினால் அதை அளவீடு என்று எப்படிச் சொல்வது? எங்களுக்குக் கிடைத்தது 24 மணி நேரமும் இல்லை. கிடைத்தது சில மணி நேரம்தான்.

அந்தச் 'சில மணி நேரம்' எவ்வளவு என்று பிடிப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. எத்தனை மணிக்குத் தெரிந்தது என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் எல்லோரும் 'விடியற்காலை' என்பார்கள். பாங்கு சொல்லும் முன்னாலா பின்னாலா, பால் சொசைட்டிக்குப் பால் கறந்துவிட்டீர்களா, கரண்ட் எப்போது போனது என்று ஏதாவது ஒன்றில் கட்டி வைத்துக் கேட்க வேண்டும். கைபேசி இருப்பவர்களிடம் யார் எப்போது அழைத்தார்கள் என்ற பட்டியலைக் காட்டச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நாளாக ஆக அது அழிந்துவிடும். வாட்ஸ்அப் குரல் பதிவுகளில் நேரம் தானாகவே இருக்கிறது, அதைவிட நல்ல சாட்சி கிடையாது. தண்ணீர் எத்தனை மணிக்கு வீட்டு வாசலைத் தொட்டது என்பதற்கும் இதே முறைதான். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த வீட்டுக்கு நாம் கொடுத்த நேரம். உயிர்க்கணக்கைவிட இது எனக்கு நேர்மையான அளவாகப் படுகிறது, ஏனென்றால் இதைத்தான் ஓர் ஊர்க் குழுவால் உண்மையில் கொடுக்க முடியும். அந்த நேரத்தை வைத்து ஒருவர் என்ன செய்தார் என்பது அவருடைய வண்டி, உடம்பு, பணம், போக்கிடம் எல்லாவற்றையும் பொறுத்தது.

இந்த இடைவெளியைச் சராசரி போடச் சொன்னார்கள். தயவுசெய்து சராசரி போடாதீர்கள். தெருவாரியாக எழுதுங்கள். நான் தெருவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கே வயிற்றைக் கலக்கியது. கோயில் தெருவுக்குத் தகவல் முதலில் போயிருக்கிறது, தண்ணீர் கடைசியில் வந்திருக்கிறது. காலனிக்குத் தகவல் கடைசியில் போயிருக்கிறது, தண்ணீர் முதலில் வந்திருக்கிறது. காலனி பள்ளத்தில் இருக்கிறது, கோயில் மைக் ஊர்ப்பக்கம் பார்த்துக் கட்டியது, அன்றைய காற்றில் சத்தம் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஏரிக்கரையோரம் இருக்கும் இருளர் குடும்பங்களுக்கு மைக்கும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை, ஒரு பையன் தானாக நினைத்துக்கொண்டு போய்ச் சொன்னதால் தப்பித்தார்கள். மொத்தமாகச் சராசரி போட்டிருந்தால் அறிக்கை அழகாக இருந்திருக்கும், காலனிக்காரர்கள் அந்த எண்ணுக்குள் காணாமல் போயிருப்பார்கள். அப்படியானால் தண்டோரா போட்டிருக்கலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்த வழக்கத்தை 2022-இல் அரசே நிறுத்தச் சொல்லிவிட்டது, தமுக்கைத் தூக்கிக்கொண்டு மழையில் நடக்கச் சொல்லி யாரைக் கூப்பிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தகவல் கிடைத்தும் போகாதவர்களையும் கணக்கெடுங்கள், ஏன் போகவில்லை என்று கேளுங்கள். காது கேட்காத ஓர் ஆயாவை அடுத்த வீட்டுப் பெண் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆட்டைச் சேர்க்க மாட்டார்கள், அதனால் நானும் வரமாட்டேன் என்றாராம். எச்சரிக்கை அவரைச் சேர்ந்துவிட்டது, ஆட்டுக்கு இடம் இல்லாததால் பயன்படவில்லை. 'எச்சரிக்கை பெற்றவர்' என்ற கட்டத்தில் இவருக்கும் ஒரு டிக் விழும்.

பக்கத்து ஊரோடு ஒப்பிடுங்கள் என்றும் சொன்னார்கள். எச்சரிக்கைக் குழு இல்லாத ஊரில் என்ன ஆனது என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும் அல்லவா? போய்ப் பார்த்தேன். அங்கேயும் பாதிப்பேருக்கு மேல் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. எப்படி என்றால், எங்கள் ஊர்ப் பெண்களை அங்கே கட்டிக் கொடுத்திருக்கிறோம்! மைக்கில் கேட்டதும் அம்மாக்கள் மகள்களுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். ஒப்பிட வைத்திருந்த ஊரே எங்கள் குழுவின் பலனை அனுபவித்திருக்கிறது. ஆலோசகருக்கு இது கணக்கைக் கெடுக்கும் விஷயம். எனக்கு இதுவே பெரிய தாக்கம், நான் அதைத் தனிப் பக்கமாக எழுதினேன். ஒப்பிட ஊர் தேடுகிறவர்கள் கொள்வினை கொடுப்பினை இல்லாத ஊராகப் பார்த்துக்கொள்ளுங்கள், அதே சமயம் ஆற்றிலிருந்து அதே மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

பொய்யாகப் போன எச்சரிக்கைகளை மறைக்காதீர்கள். அதே மழைக்காலத்தில் முன்னால் ஒரு தடவை நாங்கள் மைக்கில் சொல்லி, தண்ணீர் கரைக்குள்ளேயே போய்விட்டது. டிசம்பரில் கதவைத் திறக்காத சிலர் "போன தடவ மாதிரிதான" என்றே சொல்லியிருக்கிறார்கள். ஒரு நோட்டில் நாலு பத்தி போதும்: சொன்னோம் வந்தது, சொன்னோம் வரவில்லை, சொல்லவில்லை வந்தது, சொல்லவில்லை வரவில்லை. மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு நாளும் ஒரு கோடு போட்டால் மூன்று நான்கு வருடத்தில் குழு தேறுகிறதா தேய்கிறதா என்று அதுவே காட்டிவிடும். கேரளத்தில் மீனச்சில் ஆற்றோரத்தில் ஊர்க்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் தினமும் மழைமானியைப் பார்த்து எழுதிப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்தப் பழக்கம்தான் எனக்கு முன்மாதிரி. உயிர்க்கணக்கு வேண்டுமென்றால் அதற்குத் தலைமுறை வேண்டும். வங்கதேசத்தில் 1970 போலா புயலில் மூன்று லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். 1972-இல் தன்னார்வலர்களை வைத்துப் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கியது. 2007 சித்ர் புயலில் சாவு மூவாயிரத்துச் சொச்சம். அங்கேகூடப் புகலிடக் கட்டடம், சாலை, முன்னறிவிப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்தக் குறைவு. ஒரு கிராமத்திடம் ஒரு மழைக்காலத்துக்கு அந்த எண்ணைக் கேட்பது அர்த்தமில்லாதது.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படிவம் அச்சடிக்க, பெட்ரோல், பிள்ளைகளுக்குச் சாப்பாடு என்று கணக்கெடுப்புக்கு மட்டும் என் கையிலிருந்து சுமார் 25,000 ரூபாய் போனது. அதைவிட வலித்தது கடை. நிவாரண மனுவுக்கு ஊரே ஆதார், பட்டா நகல் எடுக்க அலைந்த வாரங்களில் என் கடை ஷட்டர் பாதிநாள் மூடிக் கிடந்தது. எதிர்க்கடைக்காரர் புது மெஷின் வாங்கிவிட்டார். அறிக்கையை மார்ச்சில் கொடுத்தேன். நேர இடைவெளி, தெருவாரியாக யாருக்குப் போய்ச் சேர்ந்தது, காப்பாற்றிய பொருள்கள், செலவு, பொய் எச்சரிக்கை, அந்த ஆட்டுக்கார ஆயா எல்லாம் அதில் இருந்தன. உயிர்க் கட்டத்தில் சுழியத்தைப் போட்டு, ஏன் என்று பக்கத்தில் எழுதினேன். மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் 60,000-இல் 40,000 வந்தது.

யாராவது உங்களுக்கு நிதி கொடுக்க வந்தால் கையெழுத்துக்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பேசிவிடுங்கள். எதை அளப்போம் என்பதை அப்போதே எழுதி வைக்க வேண்டும், வெள்ளம் வந்த பிறகு மாற்றக் கூடாது. அளக்கும் செலவு தனித் தலைப்பாக இருக்க வேண்டும், குழுச் செலவிலிருந்து பிடுங்கக் கூடாது. வெள்ளமே வராத வருடத்தில் எதைக் காட்டினால் போதும் என்பதும் அதில் இருக்க வேண்டும், ஒத்திகை நடத்தி எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடத்தில் தகவல் போகிறது என்று அளந்தாலே போதுமானது. அடிப்படைக் கணக்கை ஆடி, ஆவணியிலேயே எடுத்துவிடுங்கள்: வீட்டு வாசல் ஆற்றுமட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், வீட்டில் எத்தனை பேர், எத்தனை மாடு, யாருக்குக் காது கேட்காது, யாரிடம் போன் இல்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள்.

அறிக்கையை ஊர்க்கூட்டத்திலும் படித்துக் காட்டினேன், முக்கியமாகத் தெருவாரிப் பக்கத்தை. கொஞ்சம் சலசலப்பு ஆனது. கோயில் தெருப் பெரியவர் ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டார். காலனிப் பெண்கள் அங்கேயே ஒரு சுயஉதவிக் குழுவிலிருந்து பணம் போட்டுத் தனியாக ஒரு ஹாரனும் பேட்டரியும் வாங்கிவிட்டார்கள், திருக்கோவிலூர் எண் இப்போது அவர்களிடமும் நேரடியாக இருக்கிறது. அதற்குச் செலவான தொகையை அறக்கட்டளையிடம் கேட்டேன். கருவி வாங்குவது தாக்க மதிப்பீட்டுத் தலைப்பில் வராது என்று பதில் வந்தது.